துணைவர் நேரில் வர வேண்டும்

காலையில் ஐந்தரைக்கு எழுந்தேன். ஹீட்டரைப் போட்டேன். பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்குவதற்குள் பல் துலக்கினேன். பாலை இறக்கிவிட்டு அதே அடுப்பில் முட்டையை வேகப்போட்டேன். முட்டை வேகும் நேரத்தில் குளித்தேன். சட்டையை முந்தைய நாளே தேய்த்து வைத்திருந்தேன்.

இந்த வரிசை என் மனைவி போட்டது. ஒரு குளியலறை, ஓர் அடுப்பு, இரண்டு பேர். யாருடைய கையும் சும்மா இருக்கக் கூடாது, ஒருவர் வழியில் இன்னொருவர் நிற்கக் கூடாது. திருமணமான இரண்டாம் வாரம் ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினாள். நாற்பது நிமிடத்தில் இருவரும் கிளம்பிவிடுவோம். இப்போது எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கணக்குப்படி குறைந்திருக்க வேண்டும்.

அவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை பார்த்தாள். நான் பார்சல் கிடங்கில் வண்டி அனுப்புகிறேன். எந்தப் பார்சல் எந்த வண்டியில், எந்தத் தெரு முதலில் என்று சொல்வது என் வேலை. இதற்கு ஒரு மேற்படிப்பு இருக்கிறது என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். செயலாய்வு என்று பெயர். இருக்கிற ஆளையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது.

"நீ தினம் கத்திக்கிட்டே செய்யறத அங்க சத்தம் போடாம சொல்லித் தர்றாங்களாம்" என்றாள்.

விண்ணப்பத்தை வாங்கி வந்தவள் அவள். நிரப்பியவளும் அவள்தான். அழுத்தி எழுதுவாள். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதிப் பழகிய கை. தாளைத் திருப்பித் தடவினால் எழுத்துகள் விரலில் தட்டும்.

அனுப்பி ஐந்து வாரம் கழித்து அவள் இறந்துபோனாள். வயிற்றுவலி என்று பெரிய மருத்துவமனைக்குப் போனோம். நாற்பத்தொன்றாம் டோக்கன் கொடுத்தார்கள். இருபத்தொன்பதை அழைத்துக்கொண்டிருந்தபோது நாற்காலியிலேயே சரிந்தாள். உள்ளே ஏதோ வெடித்திருந்ததாம். அப்போது நான் பக்கத்தில் இல்லை.

நான்கு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தின் செயலாய்வுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. என் விண்ணப்பம் முதல் சுற்றில் தேறியிருக்கிறது. ஆனால் மேற்படிப்புக்கு என் துணைவர் சம்மதிக்கிறாரா என்பது சரிபார்க்கப்படவில்லை. துணைவர் நேரில் வர வேண்டும். குறிப்பிட்ட நாள் மாலை ஐந்து மணிக்குள் சரிபார்க்கப்படாத விண்ணப்பங்கள் ரத்து செய்யப்பட்டு, இயந்திரத்தில் போட்டுக் கிழிக்கப்படும்.

அந்த நாள்தான் அன்று.

மச்சான் பைக்கில் வந்தான். என் மனைவியின் தம்பி. எலக்ட்ரீஷியன். முட்டையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"வரிசையில நிக்கறதப் பத்தி ஒரு படிப்பு. அதுல சேர ஒரு வரிசை. நல்லா இருக்கு மச்சான்."

நான் ஷூவை மாட்டினேன்.

"ரத்தானா ஆகட்டுமே. அடுத்த வருஷம் புது ஃபாரம் போடு."

அது அவள் எழுதியது என்றேன்.

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அப்ப ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுன்னு கேளு."

ஜெராக்ஸில் பின்பக்கம் தட்டாது என்றேன். அவன் பைக்கைத் தேவைக்கு அதிகமாக முறுக்கினான்.

துறையின் வாசலில் பெரிய பலகை இருந்தது. 'உங்கள் நேரமே எங்கள் ஆய்வு' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒன்பது கவுண்டர்கள். எட்டு மூடியிருந்தன. ஒன்பதாவதற்கு முன்னால் தொடங்கிய வரிசை வராந்தாவைக் கடந்து, படியில் இறங்கி, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் இரண்டாக மடிந்து நின்றது. ஓரமாக நான்கு பேர் கையில் ஸ்டாப்வாட்சுடன் உட்கார்ந்து எங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன்னால் நின்றவர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். ஆறாவது வருடமாக விண்ணப்பிக்கிறார். எல்லோரும் அவரைச் சீனியர் என்றார்கள்.

"எட்டு கவுண்டர் ஏன் மூடியிருக்கு?" என்று கேட்டேன்.

"எட்டு கவுண்டர மூடினா வரிசை எவ்வளவு நீளும்னு ஆராய்ச்சி. மூணு வருஷ ப்ராஜெக்ட்."

"முடிவு தெரிஞ்சிடுச்சா?"

"நீளும்னு தெரிஞ்சிருக்கு. எவ்வளவு நீளும்னு தெரியல. சைக்கிள் ஸ்டாண்டோட எடம் முடிஞ்சிடுது பாருங்க. அதுக்கப்புறம் ரோடு. ரோட்ல நிக்கறவங்க இவங்க கணக்குல வர மாட்டாங்க." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்னப் பத்தி மட்டும் மூணு பேர் டாக்டர் பட்டம் வாங்கிட்டாங்க தம்பி. ஒரு ஆராய்ச்சியில என் பேரு 'பொறுமைசாலி வகை பி.' எனக்குத்தான் இன்னும் சீட் கெடைக்கல."

ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர்களில் ஒருவர் எங்களிடம் வந்தார். "தயவுசெஞ்சு பேசிக்காதீங்க. பேசினா நேரம் போறது தெரியாது. ரிசல்ட் கெட்டுப் போயிடும்."

பேசாமல் நின்றோம். நேரம் போவது தெரிந்தது.

பதினொன்றே காலுக்குக் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே இருந்த அம்மாள் ரப்பர் சீலை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சீல் அக்கா என்று சீனியர் முன்பே சொல்லியிருந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவங்க எங்க?"

இறந்துவிட்டாள் என்றேன். இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன்.

அதையும் முழுதாகப் படித்தார். பிறகு கணினியைப் பார்த்தார். "இதுல ரெண்டு கட்டம்தான் இருக்கு தம்பி. கல்யாணம் ஆனவர், ஆகாதவர். ஆனவர்னா சம்சாரம் வரணும். ஆகாதவர்னு மாத்தலாம். ஆனா உங்களுக்கு ஆகியிருக்கே."

"ஆகியிருந்துச்சு."

"அதான். ஆனது ஆகாததா மாறாதுன்னு சிஸ்டம் சொல்லுது." அவர் குரலில் கடுமை இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோல்தான் சொன்னார். "இந்த சர்டிபிகேட்ட, நேரில் வராததுக்குக் காரணம்னு சேத்துக்கறேன். முப்பது நாளுக்குச் செல்லும்."

"அதுக்கப்புறம்?"

"புதுப்பிக்கணும்."

எதைப் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டேன். காரணத்தை என்றார். அதே காரணமே தொடர்கிறது என்று மாதாமாதம் ஒரு கடிதம் தர வேண்டுமாம். நிலைமையில் மாற்றம் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டுமாம்.

"காரணத்த ஏத்துக்கிட்டாலும் சம்மதம் வந்ததா ஆகாது. அதுக்குத் துறைத் தலைவர்தான் வழி சொல்லணும். அவர் ரூமுக்குப் போகணும்னா ஆறு கையெழுத்து வேணும்." ஒரு வரைபடத்தை நீட்டினார். "இது குறுகிய வழி. இந்த வரிசையிலதான் போகணும். மாத்திப் போனா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

ஆறு அறைகளையும் மிகக் குறைந்த நடையில் கடக்கும் வழி அது. ஒரு பேராசிரியர் பன்னிரண்டு ஆண்டு உழைத்துக் கண்டுபிடித்தது என்று கீழே போட்டிருந்தது. அதன்படி முதல் அறையிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறி, பாலம் வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வேண்டும். ஏறினேன். பாலம் இருந்த இடத்தில் வானம் இருந்தது. சுவரில் ஒரு கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலரிடம் வரைபடத்தைக் காட்டினேன்.

"பாலம் இடிஞ்சு ஏழு வருஷமாச்சு" என்றார்.

"அப்படின்னா வழி தப்புதானே?"

"வழி சரியான வழி சார். ப்ரூஃப் இருக்கு. பாலம்தான் தப்பு. அது கட்டடப் பிரிவு." குரலைத் தாழ்த்தினார். "கீழ எறங்கி, வண்டி ஷெட்டு வழியா போய், அந்தப் பக்கம் மூணு மாடி ஏறுங்க. ஆனா பாலத்துல வந்ததாத்தான் சொல்லணும். இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

இறங்கினேன், ஏறினேன். இரண்டாம் அறையில் "பாலத்துலதானே வந்தீங்க?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "எவ்வளவு நேரமாச்சு?" பதினைந்து நிமிடம் என்றேன். ஒரு நிமிடம் என்று எழுதிக்கொண்டார்கள். ஐந்தாவது அறை பூட்டியிருந்தது. அது வழியைக் கண்டுபிடித்த பேராசிரியரின் அறை. வெளிநாட்டுக் கருத்தரங்கில் அந்த வழியைப் பற்றிப் பேசப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஒருவர் இருந்தார். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

தலைவரின் அறைக்குப் போனபோது மணி மூன்றே முக்கால்.

தலைவர் எழுந்து நின்று கைகொடுத்தார். பெரிய மேசை. அதில் ஒரு தாள்கூட இல்லை. பின்சுவர் முழுக்கச் சட்டம் போட்ட விருதுகள்.

"உக்காருங்க. வந்து ரொம்ப நேரமாச்சா?"

காலை எட்டு மணிக்கு வந்ததாகச் சொன்னேன்.

சிரித்தார். "எல்லாரும் இந்தத் தப்பத்தான் பண்றாங்க. நம்ம டிபார்ட்மெண்ட்ல காத்திருப்பு சராசரி பதினோரு நிமிஷம். கதவுக்கு வெளிய நிக்கறது காத்திருப்பு இல்ல, அதுக்கு வருகைன்னு பேரு. நீங்க காலையிலேர்ந்து வந்துக்கிட்டு இருந்தீங்க. இப்பதான் வந்திருக்கீங்க."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

"ஜனங்க எங்களத் தப்பாப் புரிஞ்சிக்கறாங்க தம்பி. வரிசைய ஒழிக்கறதுதான் எங்க வேலைன்னு நெனைக்கறாங்க. வரிசைய ஒழிச்சிட்டா நாங்க எத ஆராய்ச்சி பண்றது? காட்ட வெட்டிட்டு விலங்கியல் நடத்த முடியுமா? பராமரிக்கணும். வரிசைங்கறது வளக்க வேண்டிய பொருள். அந்த அன்பு இருக்கறவங்களத்தான் நாங்க சேக்கறோம். சரி, நீங்க சொல்லுங்க. பத்துப் பேர் நிக்கறாங்க. ஒரே கவுண்டர். யார முதல்ல அனுப்புவீங்க?"

பால் மட்டும் வைத்திருப்பவரை என்றேன்.

"என்னது?"

தள்ளுவண்டி நிறையச் சாமான் வைத்திருப்பவருக்கு முன்னால், பால் பாக்கெட் மட்டும் வைத்திருப்பவரை விட வேண்டும். எல்லோருடைய நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் அதுதான் குறைவு. ஆனால் யாருக்காவது மயக்கம் வருவதுபோல் இருந்தால் அவர் எதை வைத்திருந்தாலும் முதலில். இப்படிச் சொன்னேன்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "முதல் பாதி என் ஆராய்ச்சியில இருக்கு. இருநூத்தி நாப்பது பக்கம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் மனைவி சொன்னாள் என்றேன்.

"எந்த வருஷம் வெளியிட்டாங்க?"

வெளியிடவில்லை, செய்தாள் என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. "ரெண்டாவது பாதி நிரூபிக்கப்படாதது. மயக்கம்ங்கறதுக்கு அளவு கெடையாது. அளவு இல்லாத எதையும் நாங்க சிஸ்டத்துல வெக்கறதில்ல. இத மருத்துவமனை ப்ராஜெக்ட்லயே முடிவு பண்ணிட்டோம்."

எந்த மருத்துவமனை என்று கேட்டேன்.

திரும்பி, இருப்பதிலேயே பெரிய விருதைக் காட்டினார். பெரிய மருத்துவமனையின் டோக்கன் முறை. அவர்கள் வடிவமைத்தது. வந்த வரிசையில் எண், எண் வரிசையில் அழைப்பு. யாரும் முந்த முடியாது, யாருக்காகவும் மாறாது. முன்பெல்லாம் நர்ஸ் ஒருவர் நடுவில் நடந்து முகம் பார்த்து ஆட்களைப் பொறுக்கி உள்ளே அனுப்புவாராம். அந்தக் குளறுபடியை நீக்கிவிட்டார்களாம்.

"ஒவ்வொரு டோக்கனும் இங்க ரெக்கார்ட் ஆயிருக்கு. தேதியும் நம்பரும் சொல்லுங்க, எத வேணா சொல்லுவேன்." கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேதியைச் சொன்னேன். நாற்பத்தொன்று என்றேன்.

தட்டினார். முகம் மலர்ந்தது. "அட, நல்லதா ஒண்ண எடுத்தீங்க. பாருங்க. டோக்கன் நாப்பத்தொண்ணு. காத்திருந்த நேரம் பூஜ்யம். நிலை: முடிந்தது."

அவளை யாரும் பார்க்கவில்லையே என்றேன்.

"பாக்கணும்னு அவசியம் இல்ல. டோக்கன் கூப்பிடறதுக்கு முன்னாடியே சிஸ்டத்த விட்டு வெளிய போயிட்டா, காத்திருக்காம முடிஞ்சதுன்னு அர்த்தம். சராசரிய எறக்கறதே இந்த மாதிரி டோக்கன்தான். அன்னிக்கி சாயங்காலம் பாருங்க, சராசரி ஒரு நிமிஷம் கொறஞ்சிருக்கு." திரையைப் பெருமையோடு என் பக்கம் திருப்பினார். "யாரு, தெரிஞ்சவங்களா?"

என் மனைவி என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பெரிய மனிதர் இரக்கப்படுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டார்.

"இத நீங்க விண்ணப்பத்துல குறிப்பிடவே இல்லையே. நேரடி அனுபவத்துக்கு அஞ்சு மார்க் உண்டு."

பிறகு மணியை அழுத்திச் சீல் அக்காவை அழைத்தார். நேரம் நாலு நாற்பது. என் கோப்புடன் அவர் வந்தார். மேலே என் மனைவி எழுதிய விண்ணப்பம். நாற்பத்தொன்று என்று திரையில் இருந்ததையும், என்னையும், சீல் அக்கா மாறி மாறிப் பார்த்தார்.

"படிவம் பதினாலு குடுங்க" என்றார் தலைவர். "சம்மதம் தர வேண்டியவங்க வர முடியாத நெலமையில இருந்தா, அவங்க கடைசியாச் சொன்னத எழுதித் தரலாம். அதுல எதிர்ப்பு எதுவும் இல்லேன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம். மூணு வரிதான் எடம். 'என்னை எண்ணிக் கலங்காமல் உயர்கல்வியைத் தொடருங்கள்'னு எழுதுங்க. வழக்கமா எல்லாரும் அதான் எழுதறாங்க. எழுதிட்டீங்கன்னா சீட் உறுதி. உங்கள மாதிரி ஆளுங்க எங்களுக்கு வேணும். அந்த மருத்துவமனையோட ரெண்டாவது கட்டத்துக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கோம்."

அலைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். சராசரி, சராசரி என்பது மட்டும் கேட்டது.

சீல் அக்கா படிவத்தை என் முன்னால் வைத்தார். குனிந்து, கோப்பைச் சரிசெய்வதுபோல் பேசினார்.

"அவங்க எழுத்தா இது?"

தலையசைத்தேன்.

விண்ணப்பத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவினார். "நல்லா அழுத்தி எழுதியிருக்காங்க" என்றார். "தம்பி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. பதினாலு ஒட்டின ஃபைல யாரும் கிழிக்க முடியாது. சீட் கெடச்சாலும் சரி, கெடைக்காட்டாலும் சரி. நிரந்தரப் பதிவேட்டுக்குப் போயிடும். அவரால கூட எடுக்க முடியாது. அவர் போட்ட ரூல்தான்." ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "அதனால, உள்ளத எழுதுங்க" என்றார்.

"சீட்?"

"உள்ளத எழுதினா கெடைக்குமான்னு எனக்குத் தெரியாது."

மணி நாலு ஐம்பத்திரண்டு. வாசலில் மச்சானின் பைக் ஹாரன் இரண்டு முறை கேட்டது. எலக்ட்ரீஷியனுக்குக் காத்திருந்து பழக்கமில்லை.

படிவத்தின் தலைப்பைப் படித்தேன். 'துணைவர் கடைசியாகக் கூறியது, உள்ளது உள்ளபடி.' கீழே மூன்று கோடுகள். தலைவர் சொன்ன வாக்கியம் சரியாக ஒன்றரைக் கோட்டுக்கு வரும்.

அவள் அப்படிப் பேச மாட்டாள். உயர்கல்வி என்ற சொல்லை அவள் சொல்லிக் கேட்டதே இல்லை.

திரையில் இன்னும் நாற்பத்தொன்று இருந்தது. காத்திருந்த நேரம் பூஜ்யம்.

சீல் அக்கா பேனாவைத் திறந்து கொடுத்தார். கழுத்தில் தொங்கிய ரப்பர் சீலைக் கையில் எடுத்துத் தயாராக நின்றார். நான் பேனாவை நன்றாக அழுத்தினேன். பின்பக்கம் தட்டும்படி, ஒவ்வொரு எழுத்தாக, அன்று மருத்துவமனை நாற்காலியில் டோக்கனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அவள் சொன்னதை எழுதினேன்.

"இருவத்தாறுதான் கூப்ட்டிருக்காங்க. நமக்கு முன்னால பதினாலு பேர், ஆளுக்கு நாலு நிமிஷம், எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். நீ போய் டீ குடிச்சிட்டு வா, எனக்கு ஒண்ணும் வேணாம்."